இல்லிங்வொர்த்தும் குற்றாலிங்கமும்

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டை ஆகிய ஊர்களின் வாக்காளர் பட்டியலையோ பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளையோ புரட்டிப் பார்ப்பவர்க்கு, ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வருவது கண்ணில் படாமல் போகாது. குற்றாலிங்கம், குற்றாலநாதன், திரிகூடராசன், குழல்வாய்மொழி என்பன குற்றாலத்துக் கோயிலையும் மலையையும் ஒட்டிய பெயர்கள். காசிவிசுவநாதன், உலகம்மாள் என்பன தென்காசிக் கோயிலிலிருந்து வந்தவை. சற்று வடக்கே சென்றால் சங்கரன்கோவிலின் சங்கரநாராயணனும் கோமதியும் ஆவுடையம்மாளும் தொடங்கிவிடுவர். மாவட்டம் முழுவதும் இசக்கிமுத்து, சுடலைமுத்து, மாடசாமி, பேச்சியம்மாள் என்று ஊர்த் தெய்வங்களின் பெயர்கள் பரவிக் கிடக்கின்றன. ஒரே வகுப்பில் மூன்று குற்றாலிங்கங்கள் இருந்தால், அவர்கள் மூவரும் ஒரு குடும்பத்தார் என்று இப்பகுதியில் எவரும் நினைப்பதில்லை. பேரருவிக்கு அருகே சங்கு வடிவில் அமைந்த கோயிலில் வீற்றிருக்கும் குற்றாலநாதர் மூவர்க்கும் பொதுவானவர், அவ்வளவே.

இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாட்டை வட இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் வட்டாரங்களில் காணலாம். அங்கே ஒருவர் பெயரின் கடைசியில் நிற்கும் சொல் அவருடைய பெற்றோர் விரும்பித் தேர்ந்ததன்று. தந்தையிடமிருந்து தானாக வந்து சேர்வது. தலைமுறை தலைமுறையாக மாறாமல் தொடரும் இதனையே குடும்பப் பெயர் என்பர். இங்கிலாந்தில் இவ்வழக்கம் ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டுக்கும் 15-ஆம் நூற்றாண்டுக்கும் இடையே வேரூன்றியது. செய்தொழில், தந்தையின் பெயர், உருவ அடையாளம், வாழ்ந்த இடம் ஆகியவற்றிலிருந்து குடும்பப் பெயர்கள் பிறந்தன. மலையும் பள்ளத்தாக்குமாய்ச் சிதறிக் கிடக்கும் வட பகுதியில் இடப்பெயர்களே மிகுதியாகக் குடும்பப் பெயர்களாயின. ஒரு சிற்றூரிலிருந்தோ தனித்த ஒரு பண்ணையிலிருந்தோ புறப்பட்ட குடும்பம், போன இடமெல்லாம் அந்த இடத்தின் பெயரைத் தூக்கிச் சென்றது. பேரக்குழந்தைகளின் காலத்தில் அந்தப் பண்ணை இருந்த திசைகூட மறந்துபோயிருக்கும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இவ்வகைப் பெயர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு இல்லிங்வொர்த். யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரை ஒட்டியுள்ள ஓர் ஊரின் பெயர் அது. தமிழ்நாட்டுக் கிரிக்கெட் ஆர்வலர்கள் இப்பெயரை இரண்டு முறை சந்தித்திருக்கின்றனர். புட்சி என்ற சிறு நகரில் 1932-இல் பிறந்த ரே இல்லிங்வொர்த், 1970–71-இல் ஆஸ்திரேலிய மண்ணில் ஆஷஸ் தொடரை வென்ற இங்கிலாந்து அணித் தலைவர். 1971 ஆகஸ்ட் 24 அன்று லண்டன் ஓவல் திடலில் அஜித் வடேகரின் அணி இங்கிலாந்தில் இந்தியாவின் முதல் தொடர் வெற்றியை ஈட்டியபோது தோற்ற அணிக்குத் தலைவராக நின்றவரும் அவரே. அந்த இந்திய அணியில் சென்னையின் வெங்கட்ராகவன் சுழற்பந்து வீசினார். இரண்டாமவர் பிராட்ஃபோர்டில் 1963-இல் பிறந்த ரிச்சர்ட் இல்லிங்வொர்த். 1992 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆடிய சுழற்பந்து வீச்சாளர், பின்னர் நடுவர். அகமதாபாத்தில் 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்திய களநடுவர் இருவரில் இவர் ஒருவர். மற்றவரான ரிச்சர்ட் கெட்டில்பரோவும் யார்க்ஷயரில் பிறந்தவரே. ரேயும் ரிச்சர்டும் நெருங்கிய உறவினர் அல்லர். ஆயினும் இருவர்க்கும் பெயர் ஒரே மூலத்திலிருந்து, ஒரே சிறு நிலப்பரப்பிலிருந்து, தந்தை வழியாக இறங்கி வந்திருக்கிறது. இரண்டு குற்றாலிங்கங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

யார்க்ஷயரின் கால்டர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மற்றொரு பெயர் சட்கிளிஃப். இங்கிலாந்துக்காக 54 டெஸ்டுகளில் ஆடி, 60.73 என்ற ஓட்டச் சராசரியை எட்டிய ஹெர்பெர்ட் சட்கிளிஃப் இப்பெயரின் பெரும்புள்ளி. அவருடன் நெடுங்காலம் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர் ஜாக் ஹாப்ஸ். அந்த நட்பின் நினைவாக ஹெர்பெர்ட் தம் மகனுக்கு வில்லியம் ஹெர்பெர்ட் ஹாப்ஸ் சட்கிளிஃப் என்று பெயரிட்டார். நண்பரின் குடும்பப் பெயர் மகனின் இடைப்பெயராயிற்று. அம்மகன் பின்னர் யார்க்ஷயர் அணிக்குத் தலைமை தாங்கினார். கடல் கடந்து நியூசிலாந்தில் பிறந்த பெர்ட் சட்கிளிஃப் 1955-இல் இந்தியாவுக்கு வந்து தில்லியில் ஆட்டமிழக்காமல் 230 ஓட்டம் எடுத்தார். அதே தொடரின் ஹைதராபாத் ஆட்டத்தில் அவர் ஆட்டமிழக்காமல் 137 எடுக்க, எதிரணியில் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்த இளைஞர் சென்னைக்காரரான ஏ. ஜி. கிருபால் சிங். அந்த ‘ஏ. ஜி.’க்குப் பின்னே ஒரு தனிக்கதை உண்டு. அது பின்னர் வரும்.

கிரிக்கெட்டின் ஓட்டப்பலகை, அதாவது ஆட்டக்காரர் பெயரும் ஓட்டமும் எழுதப்படும் பட்டியல், இத்தகைய பெயர்களுக்காகவே உருவானது. குடும்பப் பெயரை முழுதாக எழுது, இட்ட பெயரை எழுத்தாகச் சுருக்கு என்பது அதன் விதி. அதற்குள்ளும் ஒரு மேல் கீழ் இருந்தது. ஊதியம் பெறாத கனவான் ஆட்டக்காரரின் முதலெழுத்துகள் குடும்பப் பெயருக்கு முன்னே நிற்கும்; கூலிக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரின் எழுத்துகள் பின்னே தள்ளப்படும், சில வேளை இல்லாமலே போகும். 1950-இல் லார்ட்ஸ் திடலில் ஃப்ரெட் டிட்மஸ் என்ற தொழில்முறை வீரரின் எழுத்துகள் தவறிப்போய் முன்னே அச்சாகிவிட, அது பிழை என்றும் எழுத்துகளைப் பின்னே திருத்திக்கொள்க என்றும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஹெர்பெர்ட் சட்கிளிஃப் தொழில்முறை ஆட்டக்காரர், மகன் கனவான் வகையினர். ஆகவே தந்தைக்கு ஒரு வரிசை, மகனுக்கு வேறொரு வரிசை. இந்தப் பாகுபாடு 1962-இல்தான் ஒழிந்தது. பெயருக்கு முன்னும் பின்னும் நிற்கும் எழுத்துகளில் சமூகப் படிநிலை ஒளிந்திருப்பது தமிழர்க்கு மட்டுமே உரிய நோய் என்று கருதுவோர் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

தமிழர் வழக்கில் விதி தலைகீழ். இட்ட பெயர் முழுதாகக் கடைசியில் நிற்க, ஊரும் தந்தையும் முதலெழுத்துகளாகச் சுருங்கி முன்னே நிற்பர். தினமணி நாளிதழ் 1934-இல் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியராக அமர்ந்த டி. எஸ். சொக்கலிங்கம் தென்காசியில் பிறந்தவர். டி என்பது தென்காசி, எஸ் என்பது சங்கரலிங்கம். தமிழ் நாடக மேடையைத் தம் குரலால் ஆண்டு 1933-இல் இளம் வயதிலேயே மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் எஸ் செங்கோட்டை, ஜி கங்காதரன். ஹாலிஃபாக்ஸின் அருகிலுள்ள ஊர் ஒரு குடும்பத்தின் முழுப் பெயராக ஐந்நூறு ஆண்டு நிலைக்க, தென்காசி ஒரே ஒரு எழுத்தாகி, ஒரே ஒரு தலைமுறைக்கு மட்டும் நின்றுவிடுகிறது. அடுத்த தலைமுறை சென்னையில் குடியேறினால் அந்த டி உதிர்ந்துவிடும். தந்தை பெயர் என்ற கட்டாயமும் இங்கு முழுமையானதன்று. கிட்டப்பாவின் துணைவியார் கே. பி. சுந்தராம்பாளின் கே கொடுமுடி, பி அவருடைய தாயார் பாலாம்பாள். மதுரை சண்முகவடிவின் மகள் எம். எஸ். சுப்புலட்சுமிக்கும் அதே முறை. தாயின் பெயரை முதலெழுத்தாக இடுவது புதுமை என்று இன்று பேசப்படுகிறது. இசை, நாடக உலகத்தில் அது அன்றே நடைமுறையில் இருந்தது.

ஒரே பெயர் பலருக்கு இருக்கும்போது அவர்களை எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்வி இவ்வட்டாரத்தில் ஒரு முறை நீதிமன்றம் வரை சென்றது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக்கொன்றதைத் தொடர்ந்து நடந்த சதி வழக்கின் குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில், மடத்துக்கடை சிதம்பரம் பிள்ளை, சாவடி அருணாசலம் பிள்ளை, வந்தேமாதரம் சுப்பிரமணிய அய்யர் என்ற பெயர்கள் காணப்படுகின்றன. சொக்கலிங்கத்தின் தமையனாரான தென்காசிச் சிதம்பரம் பிள்ளைக்கு மடத்துக்கடை என்ற அடைமொழி எதற்குத் தேவைப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமன்று. அதே மாவட்டத்தில், அதே இயக்கத்தில், அதற்கு மூன்றாண்டுக்கு முன்பே சிறை சென்ற இன்னொரு சிதம்பரம் பிள்ளை இருந்தார், அவர் வ. உ. சி. கடை ஒருவரைக் காட்டுகிறது, சாவடி இன்னொருவரை, உரக்கக் கூவிய முழக்கம் மற்றொருவரை. ஊரார் நாவில் பிறந்த இந்த அடைமொழிகள் அரசு ஆவணத்தில் ஏறி நிலைத்துவிட்டன. இடமும் தொழிலும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் இதே நிலையிலிருந்துதான் இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் பிறந்தன. அங்கே அவை மகனுக்கும் இறங்கின, இங்கே அந்த மனிதரோடு முடிந்தன.

மடங்களிலும் இதே வழக்கம் உண்டு. திருவாவடுதுறை ஆதீனத்தில் அம்பலவாண தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்ற பெயர்கள் வழிவழியாகத் திரும்ப வரும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் ஆதரித்த தலைவரைத் தனித்துக் காட்டவே மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் என்பர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே கிடக்கும் அந்த மேலகரமே குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரும் ஆகும். தேசிகர் என்ற பின்னொட்டு பார்வைக்குக் குடும்பப் பெயர் போலவே இருக்கும், ஆனால் துறவியர் பரம்பரையில் அது பிறப்பால் வருவதில்லை.

தமிழரிடம் வழிவழி வரும் பெயரே கிடையாது என்று இவற்றைக் கொண்டு முடிவு கட்டினால் அது தவறாகும். பெயர் இறங்குகிறது, தந்தையைத் தாண்டிப் பாட்டனிடமிருந்து இறங்குகிறது. பாண்டியர் சடையவர்மன், மாறவர்மன் என்ற இரு பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடியமை வரலாற்று நூல்களில் விரிவாகப் பேசப்படும் செய்தி. மதுரையை இழந்து தென்காசியில் நிலைகொண்ட பிற்காலப் பாண்டியரிடம் பராக்கிரமன், குலசேகரன், சீவல்லபன் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால், கல்வெட்டு ஆய்வாளர் பட்டப்பெயரையும் சிறப்புப் பெயரையும் ஆட்சியாண்டையும் ஒத்துப்பார்த்தே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிகின்றனர். காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் தொடங்கியவரை அரிகேசரி பராக்கிரம பாண்டியன் என்று அடைகொடுத்துச் சொல்வது இதனாலேயே. கோயிலில் பழுது நேர்ந்தால் அதைச் சீர்செய்வோர் எவராயினும் அவர்களை அடிவணங்குவதாக அவர் கல்வெட்டில் பொறித்துவைத்தார். அக்கோயிலின் இராசகோபுரம் நெடுங்காலம் சிதைந்து கிடந்து, 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அத்திருப்பணியை முன்னின்று நடத்தியவர் தினத்தந்தி அதிபர் பா. சிவந்தி ஆதித்தன்.

அவருடைய பெயர் இக்கட்டுரைப் பொருளுக்கு ஒரு நல்வாய்ப்பு. தினத்தந்தியை நிறுவிய சி. பா. ஆதித்தனாரின் சி அவருடைய தந்தை சிவந்தி ஆதித்தர். பா என்பது அவருக்கு இட்ட பெயரான பாலசுப்பிரமணியன். அவர் தம் மகனுக்குத் தந்தையின் பெயரை இட்டார், அம்மகன் பா. சிவந்தி ஆதித்தன். அவர் தம் மகனுக்கு மீண்டும் பாலசுப்பிரமணியன் என்று பெயரிட்டார். சிவந்தி, பாலசுப்பிரமணியன், சிவந்தி, பாலசுப்பிரமணியன் என்று நான்கு தலைமுறை. சடையனும் மாறனும் மாறி வந்த அதே நடை. அதன்மேல் ஆதித்தன் என்ற மாறாத கடைப்பெயர் யார்க்ஷயர்க்காரர் பெயரைப்போல் நிற்கிறது. இரு ஏற்பாடுகளும் ஒரே குடும்பத்தில் ஒன்றோடொன்று மோதாமல் வாழ்ந்திருக்கின்றன.

ஆதித்தன் போன்ற கடைப்பெயர்கள் தென்மாவட்டங்களில் மிகச் சில. முன்பு பெயரின் கடைசியில் நின்றவை பெரும்பாலும் பிள்ளை, முதலியார், ஐயர், தேவர், நாடார் என்ற சாதிப் பட்டங்கள். குற்றாலத்தில் கம்பனை ரசித்து வாழ்ந்த டி. கே. சிதம்பரநாத முதலியாரைப் பிற்காலம் ரசிகமணி டி. கே. சி. என்று எழுத்துகளாகவே சுருக்கிக்கொண்டது. ஆங்கிலேய அலுவலர்க்கு இப்பட்டங்கள் குடும்பப் பெயர் போலத் தோன்றின. ஆனால் ஒரு மாவட்டத்தில் பாதிப் பேர்க்குப் பொதுவான பட்டம் ஒருவரையும் அடையாளம் காட்டாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெயரின் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானம் இயற்றியது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பொதுவாழ்வில் அப்பட்டங்கள் பெரும்பாலும் மறைந்தன. தென்காசிச் சகோதரர் இருவரில் அண்ணன் வரலாற்றில் சிதம்பரம் பிள்ளையாகவும் தம்பி வெறும் சொக்கலிங்கமாகவும் நிற்பது இந்த மாற்றத்தின் இரு கரைகளையும் ஒரு வீட்டிலேயே காட்டுகிறது. வடநாட்டுக் கிரிக்கெட் அணிகளின் பட்டியலில் சர்மாவும் யாதவும் படேலும் வரிசையாக நிற்க, தமிழ்நாட்டு வீரர் தந்தை பெயரோடு வந்து நிற்பதற்குப் பின்னணி இதுதான். எவருக்கு இது குறையாகத் தோன்றினாலும், சாதியைப் பெயரிலிருந்து கழற்றிய ஒரு சமூகம் அதற்குக் கொடுத்த விலை இது. பெரிய விலையும் அன்று.

இனி அந்த வீரர்களை ஓட்டப்பலகையில் பார்க்கலாம். முதல் சிக்கல் 1936-இல் மான்செஸ்டரில், அதாவது வட இங்கிலாந்திலேயே, தொடங்குகிறது. அங்கே தம் நாற்பதாவது வயதில் முதல் டெஸ்ட் ஆடி 40, 60 என்று ஓட்டம் குவித்த சி. ராமசாமி, சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். அவருடைய சகோதரர்களின் முதலெழுத்து எம். தாய்வழிப் பாட்டன் வீட்டுக்குத் தத்துப்போனதால் ராமசாமிக்கு மட்டும் கோட்டா என்ற அவ்வீட்டுப் பெயரின் எழுத்து. தெலுங்கர்க்கு வீட்டுப் பெயர் முன்னே நிற்கும். ஆங்கிலப் பட்டியல் அதைச் சுருக்கிவிட்டு இட்ட பெயரான ராமசாமியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டது. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசிய எம். ஜே. கோபாலனுக்கும் இதே நிலை. அவருடைய எம் மொரப்பாக்கம் என்ற செங்கல்பட்டுப் பக்கத்துச் சிற்றூர். இல்லிங்வொர்த் என்ற ஊருக்குக் கிடைத்த மதிப்பு மொரப்பாக்கத்துக்குக் கிடைக்கவில்லை.

மேலே நிறுத்திவைத்த ஏ. ஜி. கிருபால் சிங்கின் கதை இதற்கெல்லாம் விதிவிலக்கு. பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய ஏ. ஜி. ராம் சிங்கின் எழுத்துகள் அமிர்தசரஸ் என்ற ஊரையும் கோவிந்த் சிங் என்ற பெயரையும் குறித்தன. தமிழ் முறைப்படி அவருடைய மகன்கள் ஆர். கிருபால் சிங், ஆர். மில்கா சிங் என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் டெஸ்ட் ஆடிய அவ்விருவரும் ஏ. ஜி. என்றே எழுதப்பட்டனர். முன்னே நிற்கும் இரண்டு எழுத்துகளே ஒரு குடும்பத்துக்குப் பெயராக இறுகிவிட்டன. சிங் என்பது எண்ணற்றோர்க்குப் பொதுவாகையால், சென்னை இரசிகர்க்கு அந்தக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தது அந்த இரண்டு எழுத்துகளே.

அடுத்த தலைமுறைகளில் குழப்பம் வேறு வடிவம் கொண்டது. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தின் மகன் அனிருத்தா ஸ்ரீகாந்த். மூன்று தலைமுறையில் தந்தை பெயர் ஒரு முறை முன்னும் ஒரு முறை பின்னுமாய் நின்று, இல்லாத ஒரு குடும்பப் பெயர் இருப்பதுபோல் காட்டுகிறது. கிருஷ்ணகுமார் தினேஷ் கார்த்திக்கின் எழுத்துகள் ஆட்டத்துக்கு ஆட்டம் ஒன்றும் இரண்டுமாய் மாறின. 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வறிவித்த ரவிச்சந்திரன் அஸ்வினை வெளிநாட்டு வர்ணனையாளர் பலர் அன்போடு ரவி என்று அழைத்தனர். பந்து வீசியவர் மகன், அழைக்கப்பட்டவர் கழகக் கிரிக்கெட்டில் பந்து வீசிய தந்தை. வாஷிங்டன் சுந்தர் விடயத்தில் வரிசை திரும்பிவிடுகிறது. அவருக்கு இட்ட பெயர் வாஷிங்டன்; தந்தை சுந்தரின் இளமையில் அவருக்குப் பள்ளிச் செலவுக்கும் கிரிக்கெட்டுக்கும் கைகொடுத்த முன்னாள் இராணுவத்தினரான பி. டி. வாஷிங்டனின் நினைவாக இடப்பட்டது. ஹாப்ஸின் பெயரைத் தம் மகனுக்கு இட்ட ஹெர்பெர்ட் சட்கிளிஃபும் திருவல்லிக்கேணிச் சுந்தரும் ஒரே மனத்தினர். ஆகவே ஒரே இந்திய அணியின் ஓட்டப்பலகையில் அஸ்வின் என்பது ஆட்டக்காரரைக் குறிக்க, அதன் கீழே சுந்தர் என்பது ஆட்டக்காரரின் தந்தையைக் குறித்தது. வாஷிங்டனோடு 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடிய சின்னப்பம்பட்டி நடராஜன், தம்மை உருவாக்கிய நண்பர் ஜெயப்பிரகாஷின் எழுத்துகளைச் சேர்த்து ஜே. பி. நட்டு என்று சட்டை முதுகில் எழுதிக்கொண்டார். முதலெழுத்து என்பது பெற்றோர்க்கு மட்டுமே உரியதன்று என்ற அவருடைய முடிவு, வந்தேமாதரம் சுப்பிரமணிய அய்யரின் காலத்து வழக்கத்துக்கு அந்நியமானதன்று.

கண்டியின் முத்தையா முரளிதரன் இவ்வரிசையில் தனித்து நிற்கிறார். அவருடைய பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920-இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர். தந்தை சின்னசாமி முத்தையா. மகன் முத்தையா முரளிதரன். ஒவ்வொரு பெயரின் கடைசிப் பகுதியும் அடுத்த பெயரின் முதற்பகுதியாக, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. இந்தச் சங்கிலியைக் குடும்பப் பெயர் இல்லாமை என்று சொல்வது பொருந்தாது. குடும்பப் பெயர் ஒருவருடைய தொலைதூர முன்னோர் எங்கோ வாழ்ந்த ஓர் ஊரைச் சொல்கிறது. இந்தச் சங்கிலி ஒருவருடைய தந்தை யார் என்பதைச் சொல்கிறது. 800 டெஸ்ட் விக்கெட் எடுத்த அவர், லங்காஷயர் அணிக்கும் பல பருவங்கள் ஆடினார். இடப்பெயர்க் குடும்பங்கள் நிறைந்த அந்த வட்டாரத்து மக்கள் அவரை முரளி என்ற இட்ட பெயரின் பாதியாலேயே அழைத்தனர்.

தென்காசி வட்டாரத்தில் இன்று இக்கேள்வி கிரிக்கெட் திடலைவிடக் கடவுச்சீட்டு அலுவலகத்திலேயே மிகுதியாக எழுகிறது. கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பயணியரை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தோர் திகைத்தனர். இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய்விட, இட்ட பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப். என். யூ. என்ற மூன்றெழுத்து அதன் முன்னே ஏறிக்கொள்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் வந்து குடியமர்ந்த ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் அவருடன் பிறந்த ராதா, சேகர், குமார், மணி ஆகியோரும் வேம்பு என்ற ஒரே கடைப்பெயரை வைத்திருப்பதைப் போல, வெளிநாட்டுத் தொடர்புள்ள தமிழ்க் குடும்பங்களில் ஒரு பெயர் நிலையாகக் கடைசியில் அமர்வது பெருகிவருகிறது. மறுபுறம், முதலெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அந்த ஆணை முதலெழுத்து தொடரும் என்ற நம்பிக்கையில் எழுந்தது.

இரண்டுக்கும் நடுவே சிக்கிக்கொள்வோர் ஒரே வீட்டிலேயே இருப்பர். மூத்தவனின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். இளையவனுடையதில் முதலெழுத்து மட்டும் நிற்கும். மணமாகி வந்த மருமகளின் பள்ளிச் சான்றிதழில் தந்தையின் எழுத்தும் ஆதார் அட்டையில் கணவனின் எழுத்தும் இருக்கும். இவற்றை ஒன்றாக்க விரும்புவோர் கட்டணம் செலுத்தித் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும். பழைய பெயர், புதிய பெயர், தந்தையார் பெயர், ஊர், வட்டம் என்று ஓர் அறிவிப்புக்கு நான்கைந்து வரி. அவற்றுள் பல, ஓர் எழுத்தைச் சேர்த்ததையோ நீக்கியதையோ விரித்து எழுதியதையோ தவிர வேறெதையும் தெரிவிப்பதில்லை.